நீர் வகுத்த சமநிலம்

கண்டியில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் துவிச்சக்கர வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால், "இந்த மலையிலா?" என்ற ஒரே கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுவது வழக்கம். யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் போலத் தரை விரிந்து கிடக்கும் பிரதேசங்களுக்கே அது உரிய வாகனம் என்றும், ஹந்தானை மலைக்கும் உடவத்தைக் காட்டுக்கும் நடுவே கிண்ணம்போல் அமைந்த இந்நகரத்தில் அதற்கு இடமில்லை என்றும் நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். அந்த நம்பிக்கையில் பாதியே உண்மை என்பது என் அபிப்பிராயம். எத்தனை கரடுமுரடான நாட்டிலும் நீர் தனக்கென ஒரு தாழ்ந்த வழியைத் தேடிக்கொள்ளும்; அதன் கரையைப் பற்றிக்கொண்டு செல்கிறவருக்கு மலையும் ஒதுங்கி வழிவிடும்.

முதலில் கண்டி வாவியைச் சொல்ல வேண்டும். தலதா மாளிகைக்கு முன்னே வயலாகக் கிடந்த நிலத்தின் குறுக்கே அணைகட்டி, 1807ஆம் ஆண்டில் தொடங்கி 1812இல் இந்த வாவியை நிர்மாணித்தவன், தமிழ் பேசிய நாயக்கர் வம்சத்தின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் மண்சுமந்த ஜனங்களுடைய உழைப்பின்மேல் எழுந்த அந்த அழகை மூன்றே ஆண்டுகள் அனுபவித்து, 1815இல் சிம்மாசனம் இழந்து, வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1832இல் அங்கேயே அவன் மாண்டான். அவன் தொடங்கி வைத்து முடிக்காமல் போன, முகில் மதில் என்னும் சுற்றுச்சுவர் இன்றும் கரையோரத்தில் அரைகுறையாகவே நிற்கிறது. வாவியைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அவசரமில்லாமல் மிதித்தால் கால்மணி நேரம்.

அந்தக் கால்மணி நேரத்தைக் கிழக்கு வெளுக்கும் வேளையில் கழித்துப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். நீர்மேல் பனிமூட்டம் இன்னும் கலையாதிருக்க, கரையோரக் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்க, மதிலில் விளக்கேற்றுவதற்கென்று விட்ட மாடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே வந்து கடந்து செல்லும். பஸ்ஸின் யன்னலிலிருந்து அவற்றை எண்ண ஒருவராலும் முடியாது. பழைய டியூபைக் கிழித்த பட்டியால் பத்திரிகைக் கட்டைக் கரியரில் இறுக்கிக்கொண்டு நாள்தோறும் அவ்வழியே வரும் முதியவர் ஒருவர், ஒரு தேநீர்க்கடை வாசலில் என்னிடம், "தம்பி, ஆறு மணிக்கு முன்னம் வாவி நமக்கு, ஆறு அடிச்சா அவங்களுக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்நகரத்தின் வீதி நியாயம் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

வாவியில் மிகுந்த நீர் மெத எல என்னும் கால்வாயாக நகரத்தின் ஊடே மேற்கு நோக்கி இறங்கி, கெட்டம்பேயில் மகாவலி கங்கையோடு கலக்கிறது. 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்த புகையிரதப் பாதையும் மலைகளுக்கு இடையிலான இந்தத் தாழ்ந்த வாயிலின் வழியாகவே நகரத்துக்குள் நுழைந்தது. நீராவி எந்திரத்துக்குச் சுகமான சரிவு மனிதனுடைய கால்களுக்கும் சுகமானதே. கெட்டம்பேயை அடைந்துவிட்டால், 335 கிலோமீற்றர் ஓடும் அந்தப் பெருநதி நமக்குத் துணை. ஆணியும் திருகும் இல்லாமல் முதிரை மரத்தால் ஒரே வளைவாக 1833இல் கட்டப்பட்டு, 1905 வரை பேராதனையில் நின்ற பாலத்தின் ஸ்தலத்தைத் தாண்டியதும், மூன்று புறமும் ஆறு வளைத்துக்கொண்ட 147 ஏக்கர் தாவரவியற் பூங்கா. 1821இல் அதற்கு அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் நதியின் வளைவுக்குள் கிடந்த சமநிலத்தின் மதிப்பை அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். அதற்கப்பால், பேராசிரியர்கள் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் தமிழ் கற்பித்த பல்கலைக்கழக வளாகம். ரொபரோசியா பூத்துச் சொரியும் மாதங்களில் அந்த வளாகத்து வீதியில் சைக்கிளை மெல்ல விட்டுச் செல்வதைக் காட்டிலும் நிம்மதியான பிரயாணம் மலைநாட்டில் வேறொன்று இருப்பதாக நான் அறியேன். கிழக்கே சென்றால் பொல்கொல்லை அணையும் குண்டசாலையும். தெற்கே சென்றால் ஆற்றை ஒட்டியும் விலகியும் கம்பளை வரை நீளும் பள்ளத்தாக்கு.

இவ்வளவும் இருந்தும் நாம் ஏன் மிதிப்பதில்லை? மலை காரணமன்று என்பதை 2022ஆம் ஆண்டு பிரத்தியட்சமாகக் காட்டியது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்று, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த அந்த நாட்களில், கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. ஆசிரியர்கள் பள்ளிக்கு மிதித்தார்கள். மரக்கறிக் கூடைகள் கரியரில் ஏறின. ஏற்றம் வந்த இடத்தில் இறங்கித் தள்ளினார்கள், அதற்கு ஒருவரும் வெட்கப்படவில்லை. பெற்றோல் திரும்பி வந்ததும் சைக்கிள்கள் மறைந்தன. இடைப்பட்ட காலத்தில் மலை உயரவில்லை. எந்திரங்களைக் குறித்த அச்சமே திரும்பி வந்தது. அந்த அச்சத்தை நானும் அறிவேன். ஒரு மாலை வாவிக்கரை வளைவில், பின்னால் வந்த பஸ் ஒன்று ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டே என்னை ஓரத்துக்கு நெருக்க, வடிகாலுக்குள் சக்கரம் இறங்கி விழுந்து, முழங்கை உரிந்து வீடு திரும்பினேன். என் மகனைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பும் தைரியம் அன்றோடு போயிற்று. அவன் செல்லும் வேனும் அதே நெரிசலில் நின்று புகை கக்குகிறது. நாற்புறமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் அந்தப் புகை வெளியேற வழியின்றித் தங்கி, பிள்ளைகளின் சுவாசத்தில் சேர்கிறது.

ஆகவே மாநகர சபையின்முன் என் விண்ணப்பம் மூன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை வாவியைச் சுற்றிய வீதியை எந்திர வாகனங்களுக்கு மூடுங்கள். மெத எலவின் கரையைத் துப்புரவாக்கி, வாவியிலிருந்து கெட்டம்பே வரை, நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் உரிய ஒரு பாதையை ஒதுக்குங்கள். புகையிரத நிலையத்திலும் பேராதனைப் பூங்கா வாயிலிலும் சைக்கிளைப் பூட்டி வைக்க நிழலுள்ள இடம் கொடுங்கள். ஜெர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து என்ற மூன்று நாடுகள் கூடிக் கொன்ஸ்தான்ஸ் ஏரியை முழுவதும் சுற்றிவரும் சைக்கிள் பாதையைப் பேணிவருகின்றன. அதன் ஒரு கரையிலிருந்து அல்ப்ஸ் மலையின் பனிமுடி தெரியும். மலை அருகே இருப்பது அங்கே ஒருவருக்கும் தடையாகப் படவில்லை.

வீதி ஏற்கெனவே ஒடுங்கியது, அதில் இன்னொரு பங்கு கேட்பது நியாயமா என்பது கனமான ஆட்சேபமே. நோயாளர் வண்டிக்கும் பெரஹரா நாட்களுக்கும் விலக்கு வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பின்னர், அதன் முன்னால் செல்லும் வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. சிரமம் உண்டாயிற்று, எனினும் நகரம் நின்றுவிடவில்லை. துக்கத்தின் பொருட்டு ஆண்டுக்கணக்கில் செய்ய முடிந்ததை, ஆரோக்கியத்தின் பொருட்டு வாரத்தில் மூன்று மணி நேரம் செய்து பார்ப்பது சாத்தியமாகாதா? மேட்டில் குடியிருப்பவர் வீடு திரும்ப என்ன செய்வார் என்றும் கேட்பார்கள். அம்பிட்டிய ஏற்றத்தில் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். 2022இல் தள்ளியது போலவே.

ஒரு மன்னனுடைய விருப்பத்துக்காக இந்தச் சமநிலத்தைத் தோளில் மண்சுமந்து உண்டாக்கியவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்கள். அந்தக் கரையில் அவர்களுடைய சந்ததியைச் சேர்ந்த ஒரு பிள்ளை, பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்காமல், தகப்பன் கைவிட்ட கணத்தில் முதன்முறையாகத் தானே மிதித்துச் செல்வதை நான் பார்க்க விரும்புகிறேன். அதற்கு ஆறு மணியைத் தாண்டியும் இரண்டு மணி நேரம் வாவி நமக்கு வேண்டும்.