சொல்லும் நாங்களும்: அறு



இம்மாதச் சொல் இரண்டே எழுத்து: 'அறு'. கயிறு தானாக அறுந்தாலும் இதுதான்; ஒருத்தி கயிற்றை அறுத்தாலும் இதுதான். முதலாவதில் செய்தவர் எவருமில்லை. இரண்டாவதில் ஒரு கை இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சற்று மனதில் வைத்திருங்கள்.

வயலில் நாங்கள் 'அருவி வெட்டு' என்பதைப் புத்தகம் 'அறுவடை' என்னும். காணியை ஈடு வைத்தால் மீட்கலாம். அறுதியாக விற்றால் திரும்பாது. 'நிகரற்ற', 'நோயற்ற' என்பவற்றின் வாலிலும் இச்சொல்தான் நிற்கிறது. 'துணையற்ற' என்பதிலும் அதுவே.

ஆனால் எங்கள் காதில் அதிகம் விழுவது 'அறுதலி'. அறுவும் தாலியும் சேர்ந்த சொல். அண்மையில் வவுனியாச் சந்தையில் இருவருக்கு வாய்த்தர்க்கம். ஒருத்தி இந்தச் சொல்லை எறிந்துவிட்டாள். (எறிந்தவளும் பெண்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) மற்றவள் அழவில்லை.

"என்ர மனிசனை 2009 மே மாசம் வட்டுவாகலில ஆமியிட்டக் கையளிச்சனான். செத்தவீடு செய்யேல்லை. ஆர் அறுத்தது, எப்ப அறுத்தது? சொல்லு பாப்பம்."

சரியான கேள்வி. அவள் தாலி தானாகவும் அறவில்லை, எவரும் அறுக்கவுமில்லை. ஆனாலும் அந்த வசவு, அவளே கத்தியை எடுத்தவள் போலப் பழியை அவள் கழுத்தில் கட்டுகிறது.

அரச பத்திரங்களும் நெடுங்காலம் இப்படித்தான். இருக்கிறார், அல்லது இறந்தார். மரணச் சான்றிதழ் வேண்டாமென்ற பெண்கள் கணவரின் வங்கிப் பணத்தையும் காணியையும் தொடமுடியாமல் அலைந்தார்கள். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம்தான் மூன்றாவது வழியொன்றைத் திறந்தது. ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழை இப்போது பெறலாம். 'இறந்தார்' என்று கையெழுத்திடாமலே சொத்து, வங்கி அலுவல்களைப் பார்க்க அது உதவும். பிரதேச செயலகத்தில், பதிவாளரிடம் விசாரியுங்கள். அந்தத் துண்டை எடுப்பதால் தேடுவதைக் கைவிட்டதாக ஆகாது. 2017 பெப்ரவரியில் வவுனியா வீதியோரத்தில் படங்களோடு அமர்ந்த தாய்மாரும் மனைவிமாரும் ஆண்டுக்கணக்காகக் கேட்டது "எங்கே?" என்றுதான்.

படிவங்களில் எங்களுக்கு இன்னொரு பெயர் உண்டு: 'பெண் தலைமைத்துவக் குடும்பம்'. வசவல்ல, நல்லதுதான். ஆனால் படலையில் நின்று ஒருவரை அப்படிக் கூப்பிட முடியுமா?

உங்களை எப்படி அழைக்கவேண்டும்? ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள்.