ஜெயித்தவள் ஏன் விலகினாள்?

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பழைய ஆங்கிலப் படம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 'பஞ்ச்லைன்'. 1988-ல் வந்தது. டேவிட் செல்ட்ஸர் எழுதி இயக்கியது. படம் முடிந்ததிலிருந்து ஒரு கோபம் உள்ளே உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. உங்களிடம்தான் கொட்டியாக வேண்டும்.

நியூயார்க்கில் ஒரு காமெடி கிளப். கையில் மைக். எதிரே குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற கூட்டம். கொடுத்திருக்கும் சில நிமிஷங்களுக்குள் அவர்களைச் சிரிக்க வைத்தால் பிழைத்தீர்கள். இல்லாவிட்டால் வியர்வையோடு இறங்கிப் போக வேண்டியதுதான். இந்த ஸ்டாண்ட்-அப் காமெடியில் பேர் வாங்கத் துடிக்கும் ரெண்டு பேரின் கதை. ஒருவன் ஸ்டீவன் (டாம் ஹேங்க்ஸ்). டாக்டர் குடும்பத்துப் பையன், மருத்துவப் படிப்பில் கோட்டை விட்டவன். மேடையில் மன்னன், இறங்கினால் சுயநலப் பிண்டம். இன்னொருத்தி லைலா (சாலி ஃபீல்ட்). பக்கத்து நியூஜெர்ஸியில் கணவன், மூன்று பெண் குழந்தைகள், அடுப்படி என்று இருப்பவள்.

ஆரம்பத்திலேயே லைலா ஏதோ கஞ்சா வாங்குகிற மாதிரி ஒருத்தனை ரகசியமாகச் சந்தித்து, 500 டாலர் கொடுத்து ஜோக்குகள் வாங்குகிறாள். மேடையில் சொன்னால் ஒரு ஈ காக்கை சிரிக்கவில்லை. அப்புறம் ஸ்டீவன் வழி சொல்கிறான்: விலைக்கு வாங்கினதை விட்டுத்தள்ளு, உன் கதையைச் சொல்லு. சொல்கிறாள். புருஷன், பிள்ளைகள், படுக்கையறை எல்லாம் வருகிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

கடைசியில் போட்டி. ஜெயித்தால் டி.வி. வாய்ப்பு. நடுவர்கள் ஓட்டில் நூலிழையில் முந்துவது லைலா. மேடையில் அறிவிப்பதற்கு முன்பே அது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததும் என்ன செய்கிறாள்? போட்டியிலிருந்து விலகிக்கொள்கிறாள். பரிசு ஸ்டீவனுக்கு. அம்மணி புருஷனோடு கிளம்புகிறாள். சுபம்.

பக்கத்தில் பாதித் தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, ''எழுதினது ஆம்பளைதானே?'' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அத்தோடு விமர்சனம் முடிந்தது. நான்தான் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். 'சார், அவனுக்குக் காமெடியை விட்டால் வேறு நாதியில்லை. அவளுக்கு அன்பான குடும்பம் இருக்கு. விட்டுக்கொடுத்தது பெரிய மனசு.' சரி, திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஜெயித்தவன் ஸ்டீவன். 'பாவம், மூணு குழந்தைக்காரி, ராத்திரி ராத்திரி பஸ் ஏறி வர்றா' என்று அவன் விலகியிருந்தால் பெரிய மனசு என்பீர்களா? 'லூசா இவன்?' என்பீர்கள். படத்தை எழுதியவருக்கே அந்த முடிவு தோன்றியிருக்காது.

ஒன்று யோசியுங்கள். பாட்டிலும் டான்ஸிலும் சிபாரிசு செல்லும். சிரிப்பில் செல்லவே செல்லாது. முன்பின் தெரியாதவன் இரக்கப்பட்டுச் சிரிக்க மாட்டான். சிரிப்பு வந்தால் வந்ததுதான். அவ்வளவு நேர்மையான ஒரு தராசில் ஏறி ஜெயித்தவளைப் பார்த்து, உனக்கு எதற்கம்மா இது என்கிறது இந்தப் படம். அதுவும் வில்லன் யாரும் வந்து தடுக்கவில்லை. அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாம் ஹேங்க்ஸைக் குறை சொல்ல மாட்டேன். மனுஷன் பிரமாதம். அப்பா கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மேடையிலேயே உடைந்து அழுகிற காட்சியில் நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஆனால் அழுதவனுக்குப் பரிசு என்றால் அது காமெடிப் போட்டி இல்லையே!

நிஜத்தில் இந்த லைலாக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஃபிலிஸ் டில்லர் என்று ஒரு அம்மாள். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். 1955-ல், 37 வயதில், சான்ஃபிரான்சிஸ்கோவில் பர்ப்பிள் ஆனியன் கிளப்பில் முதல் தடவையாக மேடை ஏறினார். புருஷனையும் சமையலையும் கிண்டல் செய்தே தேசம் முழுக்கப் பேர் வாங்கினார். 90 வயது தாண்டி, 2012-ல்தான் இறந்தார். லைலா ஜோக்குகளை விலைக்கு வாங்கியதைப் படம் அசட்டுத்தனம் மாதிரி காட்டுகிறதே, டில்லரும் வாங்கியவர்தான். வாங்கியதும் எழுதியதுமாக 50,000-க்கு மேற்பட்ட ஜோக்குகளை அட்டை அட்டையாக ஒரு இரும்பு பீரோவில் வகை பிரித்து வைத்திருந்தார். அந்த பீரோ இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். 'பஞ்ச்லைன்' அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே 1988 அக்டோபரில் டி.வி.யில் ஒரு தொடர் ஆரம்பித்தது. 'ரோஸான்'. நடித்தவர் ரோஸான் பார். மூன்று குழந்தைகளுக்கு அம்மா, மதுக்கடையில் பரிமாறிக்கொண்டே காமெடி மேடை ஏறியவர். ஓரிரு வருஷத்தில் அது அமெரிக்காவின் நம்பர் ஒன் தொடர். அதில் ரோஸானுக்குப் புருஷனாக வந்தவர் ஜான் குட்மேன். 'பஞ்ச்லைன்' படத்தில் லைலாவின் புருஷன் யார் தெரியுமா? அதே ஜான் குட்மேன்! தியேட்டரில் காமெடிக்காரப் பெண்டாட்டியை வீட்டுக்குக் கூட்டிப்போன அதே ஆள், டி.வி.யில் இன்னொரு பெண்டாட்டி அடித்த ஜோக்குகளுக்கு வாரா வாரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். (ரோஸான் ஒன்றும் புனிதரில்லை. 2018-ல் ட்விட்டரில் இனவெறியாக எதையோ எழுதி, திரும்ப ஆரம்பித்த தொடரை இழந்தார். அது வேறு கதை.)

விலகாமல் நின்றால் சும்மா விடுவார்களா? ஜோன் ரிவர்ஸைக் கேட்டால் தெரியும். ஜானி கார்சன் நடத்திய 'டுநைட் ஷோ'வில் அவர் லீவு போடும்போதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நடத்தியவர். 1986-ல் வேறு டி.வி.யில் தனக்கென்று ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான் செய்த குற்றம். கார்சன் 2005-ல் சாகும் வரை அவரோடு பேசவில்லை. 'டுநைட் ஷோ' மேடையில் ஜோன் ரிவர்ஸ் மறுபடி கால் வைத்தது 2014-ல். கிட்டத்தட்ட 28 வருஷம்! ஆசைப்பட்டதற்குத் தண்டனை. பேசாமல் லைலா மாதிரி இருந்திருந்தால் எல்லோரும் நல்ல பெண் என்றிருப்பார்கள்.

சாலி ஃபீல்டை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 1979-ல் வந்த 'நார்மா ரே'வில் மில் தொழிலாளியாக, மெஷின் சத்தத்துக்கு நடுவே மேஜை மேல் ஏறி 'யூனியன்' என்று எழுதின அட்டையைத் தூக்கிப் பிடித்தவர். அதற்காக ஆஸ்கர் வாங்கினார். 1984-ல் இன்னொரு படத்துக்காக இன்னொரு ஆஸ்கர். அவரைப் போய் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'பஞ்ச்லைன்' வந்தபோது ஹேங்க்ஸிடம் ஒரு ஆஸ்கர் கூடக் கிடையாது.

அதோடு முடியவில்லை. இந்தப் படத்தில் ஸ்டீவன் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று லைலா பின்னால் அலைகிறான். ஆறு வருஷம் கழித்து, 1994-ல் 'ஃபாரஸ்ட் கம்ப்' வந்தது. ஹீரோ டாம் ஹேங்க்ஸ். அவருக்கு அம்மா சாலி ஃபீல்ட். ரெண்டு பேருக்கும் நிஜத்தில் வயசு வித்தியாசம் பத்துதான்.

இதை மனைவியிடம் சொன்னேன்.

''அடுத்தது பாட்டியா?'' என்றாள்.