டிக்கெட் வாங்கிய துணிச்சல்

கேரளத்தின் வர்க்கலா பாபநாசம் கடற்கரையில் மிதவைப் பாலம் திறக்கப்பட்டது 2023 கிறிஸ்துமஸ் நாளன்று. அலை எழும்பினால் பாலமும் எழும்பும், அதற்குத்தான் கூட்டம். மூன்று மாதம் முடிவதற்குள், 2024 மார்ச் 9 அன்று, அலை அடித்ததில் கைப்பிடி சரிந்து, மேலே நின்றவர்கள் கடலில் விழுந்தார்கள். சுமார் பதினைந்து பேருக்குக் காயம். அதற்கு ஓராண்டு முன்பு, இதே கரையில், பாராகிளைடர் ஒன்று உயர்கோபுர விளக்குக் கம்பத்தில் போய் மாட்டியது. கோவையிலிருந்து வந்த பெண்ணும் பயிற்சியாளரும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தரத்தில் தொங்க, மீட்க வந்தவர்கள் கீழே வலை விரித்துக் காத்திருந்தார்கள்.

இப்படி ஒன்று நடந்ததும், எல்லாவற்றையும் இழுத்து மூடு என்று குரல் எழும். இந்தப் பத்திரிகைக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் ‘ஆபத்தில்லாமல் சாகசமா?’ என்று தோளைக் குலுக்குவதையும் ஏற்பதற்கில்லை. மாமரத்தில் ஏறும் பிள்ளை, கிளை நெரியும் சத்தம் கேட்டதும் தானே ஒரு கிளை இறங்கிக்கொள்கிறது. ஆபத்து அதன் கைக்குள் இருக்கிறது. பாலத்தில் ஏறியவருக்கு அப்படி ஒரு பிடி கிடையாது. போல்ட் இறுகியிருக்கிறதா, இன்றைய அலை தாங்குமா, எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் டிக்கெட் விலை. ஆகவே பொறுப்பு முழுவதும் விற்றவர் தலையில்தான்.

‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? வசூலை எண்ணுகிறவரிடம் அதை விட்டுவைத்தால், ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தச் சொல் வாயில் வருமா? கரையில் நிற்கும் உயிர்காப்பாளர் விசில் ஊதினால் பாலமும் படகும் நிற்க வேண்டும். அனுமதிச் சீட்டிலேயே அதை எழுதிவைக்க வேண்டும்.

முன்னறிவிப்புக்கும் பஞ்சமில்லை. தெற்கே, வெகு தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று அனுப்பும் பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். மலையாள மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் 2020 முதல் இதை முன்கூட்டியே சொல்கிறது. 2024 மே மாதத்திலும் சொன்னது. ஆனாலும் மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோயிற்று. எச்சரிக்கை வந்தது; அவர்கள் கால் நனைத்த இடத்துக்கு வந்துசேரவில்லை.

கேரளத்துக் கோவளத்துக்கு ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். நாகர்கோவில் பக்கமிருந்து வேனில் வந்தவர்கள் சிவப்புக் கொடிக்குக் கீழேயே செல்போனை நீட்டிக்கொண்டு, முழங்காலளவு நீரில், கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். காவலர் விசிலடித்துத் தொண்டை வறண்டு போவார். சற்றுத் தள்ளி மீனவர் வீட்டுப் பையன்கள் சர்ஃப் பலகையோடு நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கு ஒழுங்காகப் போனால்தான் பலகை என்ற நிபந்தனையோடு 2005 வாக்கில் இங்கே தொடங்கிய சர்ஃப் கிளப்பில் வளர்ந்த பழக்கம் அது. இரண்டு கூட்டத்தில் எது அதிக ஆபத்தில் இருக்கிறது?

ஆபத்தைத் தானே அளந்து பார்க்கும் இந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் தர நாம் தயாராக இல்லை. முட்டி சிராய்த்தால் பெற்றோர் புகார், புகாருக்குப் பயந்து மைதானத்துக்குப் பூட்டு. மைதானம் இருக்கும் பள்ளிகள் கதை இது, இல்லாதவை எத்தனையோ. பத்தனம்திட்டா மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்டுமானம் எழுந்த வழக்கில், 2024 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம் கடுமையாகவே பேசியது: மைதானம் தொடர்பான விதிகளைப் பின்பற்றாத பள்ளிகளை மூடக்கூடத் தயங்கக்கூடாது என்றது, நான்கு மாதத்தில் வழிகாட்டு நெறிகள் வகுக்கச் சொன்னது.

அரசு அடுத்த சாகசப் பாலத்துக்குத் திட்டம் போடுமுன், கோடை விடுமுறையில் ஒவ்வொரு பஞ்சாயத்துக் குளத்திலும் நீச்சல் கற்றுத்தர ஆள் போடட்டும். கரையோரத்து உயிர்காப்பாளர்களில் பலர் மீனவர்கள்தான். சொல்லித்தர அவர்களைவிடத் தகுந்தவர் யார்? நாலு பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள், ஒருவனுக்கு முழங்கை உரியும். பெற்றோர் அதற்குச் சம்மதிக்க வேண்டும்.