சேமிப்பு: சலுகையா, உரிமையா?

வங்கி நமக்குக் கடன் தரும்போது வீட்டுப் பத்திரத்தையும் நகையையும் ஈடாகக் கேட்கிறது. நாம் வங்கியிடம் பணத்தை ஒப்படைக்கும்போது பெறுவதோ ஒரு பாஸ் புத்தகம் மட்டுமே. சட்டத்தின் பார்வையில், வைப்பாளர் என்பவர் ஈடு எதுவும் பெறாமல் வங்கிக்குக் கடன் கொடுத்தவர். இவ்வுண்மையை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

அரசியலமைப்பாவது அவரைக் காக்கிறதா? 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தும் பறிக்கப்படலாகாது என்னும் 300-ஏ பிரிவே எஞ்சியது. பறிப்பதற்கே ஒரு சட்டம் வந்தால்? இது வீண் அச்சமன்று. 2017 ஆகஸ்டில் மக்களவையில் வைக்கப்பட்ட நிதித் தீர்வு மற்றும் வைப்புக் காப்பீட்டு மசோதா, நொடித்த வங்கியை மீட்பதற்காகக் காப்பீட்டு வரம்பிற்கு மேற்பட்ட வைப்புத்தொகையிலும் கைவைக்க இடந்தரும் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டில் அரசு அதனைத் திரும்பப் பெற்றது.

வைப்புக் காப்பீட்டின் கதை என்ன? 1993இல் ஓர் இலட்சம் ரூபாய் என்று வகுத்த உச்சவரம்பு, விலைவாசி பன்மடங்கு உயர்ந்தும், 2020 பிப்ரவரி வரை அசையவில்லை. அதன்பின்பே 5 இலட்சமாயிற்று. அதற்கும் உயிர்விலை ஒன்று கொடுக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி முடங்கியபோது, ஆறு மாதத்திற்கு 1000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதலில் ஆணையிடப்பட்டது. மருந்துக்கும் மகள் திருமணத்திற்கும் வைத்த பணம் கண்முன்னே பூட்டப்பட்டது. காப்பீட்டுத் தொகையை 90 நாட்களுக்குள் வழங்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் 2021இல்தான் வந்தது. நமது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் போடப்படும் பணத்திற்கோ இக்காப்பீடு கிடையாது.

முழுத் தொகைக்கும் உறுதியளித்தால் வங்கிகள் பொறுப்பின்றிக் கடன் கொடுக்கும் என்பர் சிலர். வங்கியின் கணக்கேடுகளை ஆராயும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கும் தணிக்கையாளருக்கும் உண்டு. ஓய்வூதியத்தைச் சேமிக்கும் முதியவருக்கு உண்டா? காணும் கண் ஒருவருக்கு, தண்டனை வேறொருவருக்கா? இது எந்த அறம்?

சேமிப்பை அதன் எல்லா வடிவங்களிலும் ஊக்குவிப்பதும் காப்பதும் குடியரசின் கடமை என்கிறது இத்தாலிய அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு. நம் அரசியலமைப்பிலும் அத்தகைய கடமை எழுதப்பட வேண்டும். காப்பீட்டு வரம்பு விலைவாசியோடு உயர வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் அதனுள் அடங்க வேண்டும். ஏழையின் உழைப்பைக் காப்பது அவன்மீது காட்டும் இரக்கமன்று. அவனுக்குச் செலுத்த வேண்டிய நீதி.