பருமனும் வன்மையும்: அதிபாரக் குத்துச்சண்டை ஒப்பீடு பற்றி

1970 ஆம் ஆண்டு ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கத் திரையரங்குகளிலே விசித்திரமான குத்துச்சண்டையொன்று காட்டப்பட்டது. மோதியோர் றொக்கி மார்சியானோவும் முகமது அலியும். முன்னவர் தோல்வியே அறியாது 1956 இல் ஓய்வுபெற்றவர். பின்னவர் வியட்நாம் போருக்கெனப் படையிற் சேர மறுத்தமையால் 1967 இல் பட்டம் பறிக்கப்பட்டவர். இருவரும் நடித்துக் கொடுத்த காட்சிகளைக் கணனியொன்றின் முடிவுக்கேற்ப ஒட்டியமைத்த படம் அது. அமெரிக்கப் பிரதியில் 13 ஆவது சுற்றிலே மார்சியானோ வென்றார். ஐரோப்பாவிற் காட்டப்பட்ட பிரதியிலோ அலி வென்றார். எந்தச் சந்தையில் எவர் வெல்ல வேண்டுமென்பது கணனிக்கும் தெரிந்திருந்தது போலும்.

கணனியின் இடத்தை இன்று தராசு பிடித்துக்கொண்டது. வெவ்வேறு காலத்து அதிபார வீரர்களை ஒப்பிட முற்படுவோருட் பலர் எடையொன்றையே நோக்குகின்றனர். மார்சியானோ ஏறத்தாழ 185 இறாத்தல். ஜோ லூயிஸ் 200 இறாத்தல். அண்மைக்காலச் சம்பியன்கள் பலரோ 240, 250 இறாத்தல். ஆதலாற் பழையவர் புதியவர்முன் மூன்று சுற்றும் நின்றுபிடியார் என்பது இவர்தம் முடிபு. கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் செய்யக்கூடிய விமர்சனம் இது.

இவ்வாதத்தில் உண்மையே இல்லையென்பதற்கில்லை. திறனும் பயிற்சியும் ஒத்த இருவருள் பாரமும் கைநீளமும் கூடியவருக்கே வாய்ப்பு அதிகம். எடைப் பிரிவுகள் தோன்றியமைக்கு அதுவே காரணம். ஆனால் அதிபாரப் பிரிவின் தனித்தன்மையை இவர்கள் மறந்துவிடுகின்றனர். ஏனைய பிரிவுகளுக்கெல்லாம் மேலெல்லை உண்டு. இதற்கு மட்டும் இல்லை. 250 இறாத்தலுக்கு மேற்பட்ட மனிதர் அன்றும் இருந்தனர். அவர்களை எவ்விதியும் தடுக்கவில்லை. பருமனே தீர்ப்பதாயின் பட்டம் என்றோ அவர்களது முதுசமாகியிருக்க வேண்டும்.

நிகழ்ந்தது வேறு. 1919 ஜூலை 4 இல் ரொலிடோ நகரிலே 187 இறாத்தல் எடையுடைய ஜாக் டெம்ப்சி, 245 இறாத்தல் எடையுடைய ஜெஸ் வில்லார்டை முதற் சுற்றிலேயே ஏழுமுறை வீழ்த்தினார். மூன்றாஞ் சுற்று முடிந்ததும் வில்லார்ட் தம் ஆசனத்திலிருந்து எழவில்லை. 260 இறாத்தலுக்கு மேற்பட்ட பிரிமோ கார்னேரா 1933 இற் சம்பியனானார். ஓராண்டு நிறையுமுன்னரே மக்ஸ் பேயரிடம் பட்டத்தை இழந்தார். 1935 இல் அவரை ஆறாஞ் சுற்றிலே முடித்த ஜோ லூயிஸ் அவரினும் 60 இறாத்தலுக்கு மேல் குறைந்தவர்.

இதற்கு மறுமொழி ஆயத்தமாகவே உள்ளது. வில்லார்ட் 37 வயதினர், மூன்றாண்டுகளாகப் பட்டப் போட்டியில் இறங்காதவர். கார்னேரா சர்க்கஸிற் பலங்காட்டியவர், குண்டர் கும்பல்களின் கைப்பொருளாய் இருந்தவர் என்பர். மெய்தான். ஆயின் வெற்றியைத் தீர்மானித்தவை வயதும் பயிற்சியும் களப்பழக்கமும் என்றன்றோ அவர்களே ஒப்புக்கொள்கின்றனர்? எதிரியின் தோல்விக்குக் காரணம் தேடும்போது பயிற்சியை எண்ணுவதும் வெற்றிக்குக் காரணம் தேடும்போது எடையை மட்டும் எண்ணுவதும் நேர்மையான ஆய்வாகாது.

ஜோர்ஜ் போர்மனின் வரலாறு இவ்விடத்து மனங்கொளற்பாலது. 1974 இற் கின்ஷாசாவிலே அலியிடம் தோற்றபோது அவர் எடை 220 இறாத்தல். 1991 இல் இவாண்டர் ஹொலிபீல்டை எதிர்த்தபோது 257. அவரின் எலும்பு வளர்ந்துவிடவில்லை. புதிய தலைமுறையொன்றின் போசாக்கும் அவருக்கு வாய்த்துவிடவில்லை. ஒரே மனிதர் பதினேழு ஆண்டுகளில் 37 இறாத்தல் ஏறினார், அவ்வளவே. 208 இறாத்தல் எடையுடைய ஹொலிபீல்ட் 12 சுற்றிலும் புள்ளிகளால் அவரை வென்றார். 1994 இலே 45 வயதில், 250 இறாத்தலுடன், மைக்கேல் மூரரை ஒரே குத்தினால் வீழ்த்திப் பட்டத்தை மீட்டது உண்மையே. ஆயின் அதுவரை ஒன்பது சுற்றுகள் பின்தங்கிநின்று அந்தக் குத்துக்கு இடம் பார்த்திருந்த பொறுமையை எந்தத் தராசில் நிறுப்பது?

எடை கூடியமைக்கு விதிகளிலும் காரணமுண்டு. லூயிஸ், மார்சியானோ, அலி ஆகியோர் 15 சுற்றுக்குத் தம்மைத் தயார் செய்தவர்கள். 1982 நவம்பரிலே கொரிய வீரர் கிம் டுக்-கூ லாஸ் வேகஸில் 14 ஆவது சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் இறந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகள் 12 சுற்றாகத் தொடங்கின. அந்தத் தசாப்தம் முடியுமுன் பிரதான அமைப்புகள் யாவும் அதனை ஏற்றன. இறுதி ஒன்பது நிமிடங்கள் நீங்கியபின் கூடுதற் பாரத்தைச் சுமப்பது எளிதாயிற்று. லூயிஸின் 200 இறாத்தல் அக்கால மனிதனின் குறையன்று; அக்கால வேலைக்கு ஏற்ற அளவு.

ஒரு காலத்தைக் குறைத்து மதிப்பிடத்தான் வேண்டுமெனின் அதற்கு நியாயமான காரணம் வேறுண்டு. 1908 இல் ஜாக் ஜோன்சன் முதற் கறுப்பினச் சம்பியனானதும், அவரை வீழ்த்தவல்ல வெள்ளை மனிதன் ஒருவனைத் தேடும் வெறி அமெரிக்காவைப் பிடித்தது. அத்தேடலிற் கிடைத்தவரே ஆறரை அடி வில்லார்ட். 1915 இல் ஹவானாவில் 26 ஆவது சுற்றில் அவர் வென்றார். ஜோன்சனுக்கு அப்போது வயது 37. அதன்பின் 1937 இல் லூயிஸ் வரும்வரை, 22 ஆண்டுகள், எந்தக் கறுப்பின வீரருக்கும் அதிபாரப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அக்காலத்துப் பட்டங்களின் பெறுமதியைக் குறைப்பது இந்த அநீதியேயன்றி இறாத்தற் கணக்கன்று. தராசு மட்டும் கையிலுள்ளவர்களுக்கு இது தென்படுவதேயில்லை.

லெனொக்ஸ் லூயிஸும் கிளிச்கோ சகோதரரும் நீண்டகாலம் ஆதிக்கஞ் செலுத்தினரே எனலாம். ஆம். ஆறரை அடி உயரமும் ஒழுங்கான பயிற்சியும் ஒருங்கே அமைந்தவர்கள் அவர்கள். 1984 ஒலிம்பிக்கிலே 91 கிலோவுக்கு மேற்பட்டோர்க்கெனத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. 1988 இல் லூயிஸும் 1996 இல் விளாடிமிர் கிளிச்கோவும் தங்கம் வென்றது அதிலேதான். பெரிய உடலினர்க்கு இளமையிலேயே முறையான கல்வி கிடைத்தது. கார்னேராவுக்குக் கிடைக்காதது அது. 84 அங்குலக் கைவீச்சுடைய லெனொக்ஸ் லூயிஸை மார்சியானோ வென்றிருப்பாரென நம்புவது கடினம். பழமைப்பற்று அதனையும் மறுக்குமாயின் அதுவும் பேதைமையே.

ஆனால் அலியின் நிலை வேறு. 1975 இல் மணிலாவிலே ஜோ பிரேசியரைச் சந்தித்தபோது அவர் உயரம் ஆறடி மூன்றங்குலம், எடை 224 இறாத்தலுக்குச் சற்று அதிகம். அக்காலத்துக்கே உரிய இந்தச் "சிறிய" அளவு இக்காலத்தில் எடுபடாதென்பர். 2024 மே மாதத்தில் றியாத்திலே ஆறடி ஒன்பதங்குல உயரமும் 262 இறாத்தல் எடையுமுடைய ரைசன் பியூரியை ஒலெக்சாண்டர் உசிக் எதிர்கொண்டார். ஒன்பதாஞ் சுற்றிலே பியூரியைக் கயிற்றோரம் தள்ளாட வைத்து, நடுவர் மூவருள் இருவர் தீர்ப்பால் வென்றார். டிசெம்பரில் மீண்டும் சந்தித்தபோது பியூரி மேலும் பாரம் ஏற்றி வந்தார்; மூன்று நடுவர்களும் உசிக்குக்கே தீர்ப்பளித்தனர். உசிக்கின் உயரம் ஆறடி மூன்றங்குலம். மே மாதத்தில் அவர் எடை ஏறத்தாழ 224 இறாத்தல்.