சீருடைத் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர்



எட்டாம் வகுப்பு வரை அரசாங்கம் இலவசச் சீருடை தந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் துணியை நாமே எடுக்க வேண்டும். நானும் அம்மாவும் கடைக்குப் போனோம். "சுருங்காது, அயர்ன் பண்ண வேண்டாம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. பளபளப்பைப் பார்த்து நான்தான் அடம்பிடித்து எடுத்தேன்.

இப்போ காலை வழிபாட்டில் நின்றாலே முதுகில் வேர்வை ஓடுது, துணி ஒட்டிக்கிடுது. அதுக்கு மேல ஓவர்கோட் வேற! கழுத்தெல்லாம் வேர்க்குரு. "டெர்லின் துணி அப்படித்தாம்ட்டி" என்றாள் ஆச்சி. (பாலியஸ்டருக்கு இங்கிலாந்தில் வைத்த பெயர் டெர்லின். 1941-இல் அங்கேதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.)

ஆச்சி சொன்னது பாதிதான் சரி. வீட்டில் மூணு துணியில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்தேன். அம்மாவின் பழைய பருத்திச் சேலை உடனே குடிச்சிட்டு. என் சீருடையில் சொட்டு முத்து மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. தம்பி கபடிக்குப் போடும் பனியனும் பாலியஸ்டர்தான். ஆனால் அதில் சட்டென்று பரவி, கொஞ்ச நேரத்தில் காய்ந்தும் விட்டது!

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். சாதாரணக் காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தைப் பிடிக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூடப் பிடிக்காதாம். அதனால் ஆலையில் கடைசியாக 'பினிஷிங்' செய்கிறார்கள். துணியை ரசாயனக் கரைசலில் முக்கி, உருளைகளுக்கு நடுவே பிழிந்து, சூட்டில் காய வைக்கிறார்கள். எந்த ரசாயனம் என்பதில்தான் விஷயமே இருக்கு. தண்ணீரை இழுக்கிற வகை போட்டால், வேர்வை நூல் வழியே பரவி வெளிப்பக்கம் வந்து காயும். வழுவழுப்புக்குப் போடும் சிலிக்கான் வகைகள் பலதும் தண்ணீரைத் தள்ளும். குடைத்துணிக்கு அது நல்லது, நமக்கு எதுக்கு? (பனியன் பின்னல் துணி என்பதும் ஒரு காரணம்.)

முழுப் பருத்தியே எடுக்கலாமே என்பீர்கள். விலை கூட. ஐப்பசி மழையில் காயவும் காயாது. என்னிடம் இருப்பதே ரெண்டு செட்தான். அதனால் பருத்தி கலந்த துணியோ, வேர்வையை இழுக்கும் பினிஷிங் செய்த துணியோ போதும் என்பது என் கருத்து. ஆனால் பினிஷிங் துவைக்கத் துவைக்கக் குறையும். அலசும்போது வாசனைக்கு ஊத்துகிற லிக்விட்டும் நூல் மேல் படிந்து வேர்வை பரவுவதைக் கெடுக்கும். போனது எங்கே போகும்? நாம் துவைக்கிற தாமிரபரணிக்குத்தான். அதைத்தான் குடிக்கவும் செய்றோம்.

அடுத்த வருஷத் துணியைப் பெற்றோர் கூட்டத்தில் முடிவு செய்யும்போது, நிறத்தை மட்டும் பார்க்காமல் மாதிரித் துணியை அஞ்சு தடவை துவைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். வழிபாட்டில் ஓவர்கோட் இல்லாமல் நிற்கவும் அனுமதி வேண்டும்.

போன வாரம் கடையில் நானே சொட்டு விட்டுப் பார்த்தேன். "ஏ பிள்ள, துணிய நனைக்காத!" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். அஞ்சாவது துணியில்தான் சொட்டு பரவியது. அது பளபளக்கவே இல்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி