தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு காயின்: ஆற்காட்டுக்கு எந்த டிசைன்?

‘சேலஞ்ச் காயின்’ கேள்விப்பட்டிருக்கீங்களா? அமெரிக்காவில் ராணுவப் பிரிவுகளும் தீயணைப்பு நிலையங்களும் தங்கள் ஆட்களுக்குத் தரும் உலோக வில்லை. கடையில் செல்லாது. ‘இவர் நம்ம டீம்’ என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். தீயணைப்புக் காயின்களில் பெரும்பாலும் மால்டா சிலுவை, கோடரி, ஏணி இருக்கும்.

நம்மூரில் இருப்பது பதக்கம். குடியரசுத் தலைவர், முதலமைச்சர் பெயரில் தனிநபர்களுக்குக் கிடைப்பது. ஆனால் தீயை யாரும் தனியாக அணைப்பதில்லை. வண்டி ஓட்டுபவர், பம்ப் இயக்குபவர், ஹோஸ் பிடிப்பவர் என ஒரு குழுவே போகிறது. அந்தக் குழுவுக்கும் ஓர் அடையாளம் வேண்டாமா?

டிசைனை அப்படியே காப்பி அடிக்கவும் கூடாது. ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் அக்கரையில் ராணிப்பேட்டை. அங்குள்ள சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் கழிவுச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். அங்கே அணைக்கத் தீ இல்லை, தேவைப்பட்டது மீட்பு. துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’தானே! தோல் பெல்ட்டின் காயினில் சுடரோடு பாலாறும் தோலும் கயிறும் இருக்கட்டும். வரைவதை அந்தந்த நிலையத்து வீரர்களிடமே விடலாம்.

கொடுக்க நாளும் இருக்கிறது. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்ததை நினைவுகூரும் தேசிய தீயணைப்பு தினம்.

ஒரே நிபந்தனை: விஷவாயுத் தொட்டியில் இறங்குபவருக்கு முதலில் சுவாசக் கருவி, அப்புறம்தான் காயின். அதுதான் நாணயம்!